பின்கட்டும் ஹோட்டல்தான்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் அந்தப் பழைய ஹோட்டலை வாங்கியிருக்கும் உரிமையாளர்களுக்கு,

உங்கள் தகரத் தடுப்பில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் போன மாதம் மழையில் நின்று படித்தேன். முன்கட்டு பழுதுபார்க்கப்படும். கூடமும் மரப்படியும் மேல்மாடித் தாழ்வாரமும் அப்படியே காக்கப்படும். பின்கட்டு இடிக்கப்பட்டு, அங்கே நீச்சல்குளமும் வாகன நிறுத்துமிடமும் வரும். பிறகு நடந்த விளக்கக் கூட்டத்துக்கும் வந்தேன். பின்கட்டு பிற்காலத்தில் ஒட்டுப்போட்ட துணைக் கட்டடம், அதற்கென்று தனி மதிப்பு கிடையாது என்று உங்கள் ஆலோசகர் சொன்னார். கடைசி வரிசையிலிருந்து கையைத் தூக்கினேன். நேரமாகிவிட்டது, தேநீர் தயாராக இருக்கிறது என்றார்கள். தேநீர் குடிக்காமல் வந்துவிட்டேன். அங்கே கேட்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் அந்தப் பின்கட்டில் பிறந்தவன். 1954ஆம் ஆண்டு, வரிசையில் ஐந்தாவது அறை. என் அப்பா அந்த ஹோட்டலின் சலவைக்காரர். அவருக்கு முன்னால் என் பெரியப்பா. இருவருமாகச் சேர்ந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உங்கள் கட்டடத்தின் படுக்கை விரிப்புகளை வெளுத்திருக்கிறார்கள். ஹோட்டலின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அது போதும்.

உங்கள் ஆலோசகர் பின்கட்டில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் பதினேழு ஆண்டுகள் இருந்தேன். எட்டு அறைகள் கொண்ட ஒரு வரிசை. அதற்கு எதிரே கிணறு. கிணற்றைச் சுற்றி நான்கு துவைகல். ஓரத்தில் வெள்ளாவிக் கொட்டகை, அதை ஒட்டித் தேய்ப்பு அறை. நடுவில் கொடி கட்டிய முற்றம். வரிசையின் ஒரு கோடியில் ஹைனான் சீனச் சமையற்காரர் இருவர் இருந்தார்கள். மறுகோடியில் பஞ்சாபிக் காவலாளி. அவருடைய கயிற்றுக் கட்டிலில் நாங்கள் ஏறினால் திட்டுவார், இறங்கினால் பேரீச்சம்பழம் கொடுப்பார். தோட்டம், கூட்டிப் பெருக்குதல், துணி ஆகிய மூன்றும் தமிழர்களுடையவை. ஞாயிற்றுக்கிழமை மதியம் முன்கட்டில் பரிமாறப்பட்ட கோழிக்கறியை உங்கள் கையேட்டில் ஆங்கிலேயர் காலத்துச் சிறப்பு உணவு என்று போட்டிருக்கிறீர்கள். அதற்கு மசாலா அரைத்தது என் அம்மா. சனிக்கிழமை இரவு அம்மியைக் கழுவிவிட்டுப் படுக்கும்போது கை எரிச்சலில் அவருக்குத் தூக்கம் வராது. அது எந்தக் காலத்துச் சிறப்பு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது கறியைப் பற்றி அல்ல, தேய்ப்பு அறையின் கிழக்குச் சுவரைப் பற்றி.

விருந்தினர் துணியில் குறி போடாமல் எந்தச் சலவைக்காரரும் கை வைக்க மாட்டார். சேங்கொட்டையை ஊசியால் குத்தி, அதன் சாற்றைத் தொட்டு, கழுத்துப்பட்டையின் உட்புறம் ஒரு சின்ன அடையாளம் வைப்பார்கள். மேலே ஈரச் சுண்ணாம்பு பட்டதும் குறி கறுத்துவிடும். அதன்பின் எந்த வெள்ளாவியும் அதை அசைக்காது. சாறு விரலில் பட்டால் தோல் கொப்புளிக்கும். பெரியப்பாவின் வலது ஆள்காட்டி விரல் நுனி கடைசிவரை வழவழவென்று இருந்தது, ரேகையே இல்லாமல். ஒரு நாள், ஒரு வாரம் தங்குபவர்களுக்கு அறை எண்ணை வைத்துக் குறி: மூன்றாம் அறைக்கு மூன்று புள்ளி, எட்டாம் அறைக்கு ஒரு கோடும் மூன்று புள்ளியும். மாதக்கணக்கில் தங்குபவர்களுக்குத் தனிக் குறி. அது மறந்துபோகாமல் இருக்க, தேய்ப்பு அறைச் சுவரில் ஆணியால் கீறி வைப்பார்கள். குறி, அதற்குப் பக்கத்தில் அந்த ஆளுக்குப் பின்கட்டில் வழங்கிய பெயர். பெரியப்பா ஊரில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் மணலில் எழுதிப் பழகியவர். சுவரில் எழுதியது எல்லாம் தமிழில்.

கொக்கி போட்டால் மீசைத் துரை. இரட்டைச் சுழி, நாய்க்கார அம்மா. கூரை போல ஒரு கூம்பு, அதன் பக்கத்தில் 'இருமல்' என்று மட்டும். ஒரு பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் 'பாக்கி' என்று இரண்டு முறை எழுதி, இரண்டாவது பாக்கி ஆழமாகக் கீறப்பட்டிருக்கும். சிறுவனாக நான் எண்ணியபோது நாற்பத்தொரு குறிகள் இருந்தன. போன டிசம்பரில் உங்கள் வாசலில் இருந்த நேப்பாள இளைஞர் பாவம் பார்த்து அரை மணி நேரம் உள்ளே விட்டார். (அவரை வேலையைவிட்டு நீக்காதீர்கள். அவர் இப்போது படுத்துக்கொள்வதும் அதே வரிசையில்தான், இரண்டாவது அறையில்.) கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்ததில் இருபத்தாறு குறிகள் தெரிந்தன. மற்றவை வெள்ளையடிப்புக்குள் இருக்கின்றன, அழியவில்லை.

உங்கள் ஆலோசகரின் அறிக்கையில் அந்தச் சுவரின் படம் இருக்கிறது. கூட்டத்தில் திரையில் காட்டினீர்கள். அதன் கீழே, மேற்பூச்சுச் சேதம், கீறல்கள் என்று குறிப்பு. தமிழ் தெரியாதது அவருடைய குற்றமல்ல. ஆனால் பினாங்கில், சூலியா தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில், அந்தக் கீறல்களைப் படிக்கத் தெரிந்த ஓர் ஆளைத் தேடிப் பிடிப்பதில் என்ன கஷ்டம் இருந்திருக்கும்? குவீன் தெரு மாரியம்மன் கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாவைக் கூப்பிட்டிருந்தாலும் படித்துக் காட்டியிருப்பாரே.

முன்கூடத்தில் நீங்கள் மாட்டியிருக்கும் வரலாற்றுப் பலகை, ஹோட்டலின் பழைய விருந்தினர் பதிவேடுகள் ஜப்பானியர் காலத்தில் தொலைந்துவிட்டன என்று வருத்தப்படுகிறது. சரிதான், காகிதப் பதிவேடுகள் தொலைந்துவிட்டன. பின்கட்டில் ஒரு பதிவேடு சுவரோடு நிற்கிறது. போருக்கு முன்னால் அந்த ஹோட்டலில் நாள்பட்டுத் தங்கியவர்களைப் பற்றி எஞ்சியிருக்கும் ஒரே ஆவணம் அதுதான். அதைத்தான் நீங்கள் நீச்சல்குளத்துக்காக இடிக்கப்போகிறீர்கள்.

அது வெறும் கிறுக்கல் அல்ல என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். பெரியப்பா வாயால் பலமுறை கேட்டது.

1941 டிசம்பர் 11ஆம் தேதி பினாங்கின்மேல் குண்டு விழுந்தது. சில நாட்களில் வெள்ளைக்காரர்கள் மற்றவர்களை விட்டுவிட்டு இரவோடு இரவாகத் தீவைவிட்டுக் கிளம்பினார்கள். 19ஆம் தேதி ஜப்பானியர் வந்து சேர்ந்தார்கள். விருந்தினர் போய்விட்டார்கள். அவர்களுடைய துணி போகவில்லை. வெளுத்து, தேய்த்து, மடித்துக் கட்டிய ஆறு மூட்டைகள் தேய்ப்பு அறையில் இருந்தன. ஒவ்வொன்றிலும் குறி இருந்தது. அவை யாருடையவை என்பது சுவரில் இருந்தது. அடுத்து வந்த மூன்றரை ஆண்டுகளில் துணிப் பஞ்சம் எப்படி இருந்தது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். சாக்கை வெட்டித் தைத்து உடுத்தினார்கள். பெரியப்பாவும் சாக்குதான் உடுத்தினார். அந்த ஆறில் இரண்டு மூட்டைகளைப் பிரித்து விற்றுவிட்டதாக அவரே ஒப்புக்கொள்வார். பெரியம்மாவுக்குக் காய்ச்சல், வீட்டில் அரிசி இல்லை. மீதி நான்கையும் மரப்பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்திருந்தார். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். அதற்கு அடுத்த வருடம், எலும்பும் தோலுமாக ஒருவர் பின்வாசல் வழியாக வந்து நின்றாராம். மீசை இல்லை. பெரியப்பாவுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. சட்டைக் கழுத்தைத் திருப்பிக் கொக்கியைக் காட்டிய பிறகுதான் இருவருக்கும் பேச்சு வந்தது. மற்ற மூன்று மூட்டைகளுக்கு யாரும் வரவில்லை. சுவரில் அந்த மூன்று குறிகளின் மேலும் பெரியப்பா ஒரு கோடு இழுத்திருக்கிறார். அதையும் பார்த்துவிட்டு வந்தேன்.

என் அப்பா 1948இல் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கி அண்ணனோடு சேர்ந்துகொண்டார். பெரியப்பா கடைசிவரை சிவப்பு அடையாள அட்டைக்காரர், அதாவது குடியுரிமை இல்லாதவர். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்று ஆனபோது அவருக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வருடம், வந்த அதே ரஜூலாவில் திரும்பிப் போனார். போகும் அன்று காலையிலும் வெள்ளாவி வைத்துவிட்டுத்தான் போனார். 1971இல் ஹோட்டல் சலவை இயந்திரம் வாங்கியது, நாங்கள் ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் வண்ணாந்துறைக்குக் குடிபெயர்ந்தோம். அதற்குமேல் எங்கள் கதை உங்கள் ஹோட்டலோடு சம்பந்தப்பட்டதல்ல.

கட்டடத்துக்கு வருகிறேன். பின்கட்டு பிற்காலத்தது என்பதற்கு நீங்கள் காட்டிய ஆதாரம், முன்கட்டில் இருக்கும் பூவேலை அங்கே இல்லை என்பது. வேலைக்காரர் குடியிருப்புக்கு யார் பூவேலை செய்வார்கள்? பூச்சு உதிர்ந்த இடத்தில் பாருங்கள். முன்கட்டு, பின்கட்டு இரண்டிலும் ஒரே அளவுச் செங்கல், ஒரே சுண்ணாம்புச் சாந்து. கிணறு இல்லாமல் முன்கட்டே எழும்பியிருக்காது. கிணறு இருப்பதோ பின்கட்டில். சுண்ணாம்பு என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. முன்கட்டுச் சுவரில் போன வருடம் நீங்கள் அடித்த பளபளப்பான சாயம் இப்போதே கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் சாயம் அதன் மூச்சை அடைத்துவிடும். பின்கட்டை யாரும் கண்டுகொள்ளாததால் அங்கே அந்தத் தவறு நடக்கவில்லை. எண்பது ஆண்டுக்கு மேற்பட்ட கீறல் இன்னும் தெரிவதற்குக் காரணமும் அதுதான்.

எங்கள் தரப்பையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த மடலை எழுதப்போகிறேன் என்றதும் என் சொந்தத் தம்பியே வேண்டாம் என்றான். துணி வெளுத்த கதையை எதற்கு ஊருக்குச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் வக்கீலாகவும் பொறியாளராகவும் இருக்கிறார்களே என்றான். அந்தப் பின்கட்டு இடிந்தால் நிம்மதி என்று நினைக்கிற குடும்பங்கள் எங்களுக்குள்ளும் உண்டு. சாதிப் பெயரைச் சொல்லி அழைக்கப்பட்ட இடம் அது, முன்வாசல் வழியாக நாங்கள் நுழைந்ததே இல்லாத இடம். அந்தக் கூச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது எங்கள் கூச்சம். அதைச் சாதகமாக்கிக்கொண்டு, யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை என்று நீங்கள் கோப்பில் எழுதிக்கொள்ள முடியாது. இதோ, எதிர்ப்புத் தெரிவிக்கிறேன்.

இந்த ஊர் ஹோட்டல் வரலாறு என்றால் எல்லோரும் ஆர்மீனியரான சர்க்கீஸ் சகோதரர்களிலிருந்து ஆரம்பிப்பார்கள். 1885, ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல், கடலைப் பார்த்த அறைகள். உங்கள் கையேடும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது, உங்கள் ஹோட்டலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதபோதும். அதே காலத்தில் கொடிமலையில், அதாவது பினாங்கு மலையில், கிராக் ஹோட்டல் இருந்தது. 1923இல் மலை ரயில் ஓடத் தொடங்கும்வரை விருந்தினர் பலர் மலையேறியது டோலியில், அதாவது மனிதத் தோளில். அந்த டோலி தூக்கிகளும் சிப்பாய்களும் கும்பிட்ட சின்னக் கோயில்தான் இன்று மலையுச்சியில் அருளொளி திருமுருகன் ஆலயமாக நிற்கிறது. தூக்கியவர்களுக்கு அங்கே ஒரு கோயிலாவது மிஞ்சியது. வெளுத்தவர்களுக்கு இங்கே ஒரு சுவர் இருக்கிறது.

2016 சீனப் புத்தாண்டு விடுமுறையில் நார்தம் சாலையில் பழைய ரன்னிமீட் ஹோட்டலின் துணைக் கட்டடங்கள் இடிக்கப்பட்டதை இந்த ஊர் மறக்கவில்லை. நடுவில் இருந்த பெரிய கட்டடம் தப்பியது, சுற்றியிருந்தவை போயின. பல ஆண்டுகளுக்கு முன்பே அனுமதி கொடுத்தாகிவிட்டது என்றார்கள். விடுமுறை முடிந்து வந்தவர்கள் இடிபாட்டைத்தான் பார்த்தார்கள். அடுத்த பெருநாள் விடுமுறை நெருங்கும்போது உங்கள் வாசலில் மண்வாரி இயந்திரம் நிற்கிறதா என்று நான் தினமும் வந்து பார்ப்பதற்குக் காரணம் இதுதான். என்னைச் சந்தேகப் பேர்வழி என்று காவலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறீர்களாம். பரவாயில்லை.

வேறு வழியே இல்லை என்றும் சொல்லாதீர்கள். கோலாலம்பூரில் 1932இல் திறந்த மெஜஸ்டிக் ஹோட்டல் 1984 முதல் தேசிய ஓவியக்கூடமாக இருந்தது. பிறகு 2012இல் மறுபடியும் ஹோட்டலானது. புதிய அறைகளுக்காகப் பக்கத்தில் ஒரு கோபுரத்தையே கட்டினார்கள், பழையதை வைத்துக்கொண்டு. உங்களிடம் மேற்குப் பக்கம் பழைய கார் கொட்டகை இருந்த காலிமனை இருக்கிறது. குளம் அங்கே வரலாம். குளிப்பவர்களுக்கு வெயிலும் அங்கேதான் குறைவு.

ஜார்ஜ் டவுன் 2008 ஜூலை 7ஆம் தேதி உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபோது, காரணமாகச் சொன்னவற்றில் கட்டடங்கள் மட்டும் இல்லை. பல இனத்தவர் இங்கே சேர்ந்து வாழ்ந்ததற்கான வாழும் சான்று என்பதும் ஒரு காரணம். அந்தப் பட்டியலின் பெயரைச் சொல்லித்தான் உங்கள் அறை வாடகையை நிர்ணயிக்கப்போகிறீர்கள். ஹைனான் சமையற்காரர், பஞ்சாபிக் காவலாளி, தமிழ்ச் சலவைக்காரர், இப்போது நேப்பாள இளைஞர் என எல்லோரும் உங்கள் ஹோட்டலில் சேர்ந்து வாழ்ந்தது முன்கூடத்தில் அல்ல.

நான் கேட்பவை இவை. பின்கட்டை இடிக்கும் திட்டத்தை எழுத்துமூலம் நிறுத்தி வையுங்கள். எட்டு அறைகளையும் காக்க முடியாது என்று நீங்கள் நிரூபித்தால் அதைப் பற்றிப் பேசலாம். ஆனால் தேய்ப்பு அறை, கிணறு, துவைகற்கள் மூன்றும் பேச்சுக்கு அப்பாற்பட்டவை. அவை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். கல்லைப் பெயர்த்துத் தோட்டத்தில் அலங்காரமாகப் போடும் யோசனையும் வேண்டாம். சுவரைத் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் பழைய பூச்சு வேலை தெரிந்தவர் ஒருவரும் சேர்ந்து ஆராய வேண்டும். வெள்ளையடிப்புக்கு உள்ளே இருக்கும் பதினைந்து குறிகளையும் வெளியே கொண்டுவர வேண்டும். அதற்கான செலவு உங்கள் முன்கூடத்துச் சரவிளக்கின் விலைகூட இருக்காது. மாடியறையில் குவிந்து கிடக்கும் சம்பளப் புத்தகங்களை இடிபாட்டோடு லாரியில் ஏற்றாதீர்கள். தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படையுங்கள். இயலாது என்றால் என்னிடம் கொடுங்கள், சுமந்துகொண்டு போகிறேன். வரலாற்றுப் பலகையைத் திருத்தி எழுதுங்கள், தமிழிலும் எழுதுங்கள், சம்பளப் புத்தகத்தில் கிடைக்கும் பெயர்களை அப்படியே போடுங்கள். அதுவரை பதிவேடுகள் தொலைந்துவிட்டன என்ற வரியை எடுத்துவிடுங்கள், அது முழு உண்மையில்லை.

கட்டட அனுமதி தரும் அதிகாரிகளிடமும் ஒன்று கேட்கிறேன், இந்த மடலின் பிரதி உங்களுக்கும் வருகிறது. பழைய கட்டடங்களை முதல் வகை, இரண்டாம் வகை என்று பிரித்து வைத்திருக்கிறீர்கள். அந்த வகைப்பாடு தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற பாதிக்கு மட்டும்தானா என்பதற்கு ஒரு வரியில் பதில் எழுதுங்கள். ஒரு மாதம் காத்திருக்கிறேன்.

சுவரை நேரில் பார்க்க வருபவர்களுக்கு ஒரு குறிப்பு. காலை எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் வாருங்கள், வடக்கு ஜன்னலின் மேல் கதவைத் திறந்துவிடுங்கள். வெளிச்சம் சாய்ந்து விழுந்தால்தான் எழுத்து எழுந்து வரும். யாரும் ஈரத்துணி போட்டுத் துடைக்க வேண்டாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த நேரத்தில் நான் பின்வாசலில் இருப்பேன்.

பின்கட்டு ஐந்தாம் அறைக்காரன்,
பினாங்கு